பிலோமினா மிஸ்ஸி கழித்த நிறை

ஒரு வயதில் என் மகள் எத்தனை கிலோ இருந்தாள்?

கேள்வி இவ்வளவுதான். போன வியாழக்கிழமை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்பிள்ளை கேட்டாள். அவளுடைய கணினியில் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதாம். நான் ஒன்றும் ஆயத்தமில்லாமல் போகிற ஆள் இல்லை. மகளின் வளர்ச்சிக் கொப்பி, அந்த ரோஸ் அட்டைக் கொப்பி, என் கைப்பையில் பொலித்தீன் உறையோடு இருந்தது. பெருமையாக எடுத்து, பன்னிரண்டாம் மாதத்தைத் திறந்து நீட்டினேன். அந்த இடத்தில் பழைய டொக்டரின் கையெழுத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது.

"கேள்விக்குறி அடிக்க ஏலாது அன்ரி. நம்பர் மட்டும்தான் எடுக்கும்."

"அப்ப வெறுமையா விடுங்கோ."

"வெறுமையாயும் விட ஏலாது அன்ரி."

எனக்கு முப்பத்து நாலு வயது. அன்ரி என்றது ஒரு பக்கம் இருக்கட்டும். பெட்டி நிரம்பாதபடியால், அடுத்த வியாழன் நம்பரோடு வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் விளையாட்டில்லை. மகளுக்கு இப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்துக்கு வரிசை கட்டினால் அவள்தான் முன்னுக்கு நிற்கிற ஆள். அவ்வளவு சின்னவள். எங்களை அங்கே அனுப்பிய புதிய டொக்டர் நல்ல மனிதர், பொறுமையாக விளங்கப்படுத்தினார். தொடக்கத்திலிருந்தே சின்னப் பிள்ளையென்றால் பயமில்லை, அது அவளுடைய வாகு. முதல் வருடத்தில் எங்காவது வளர்ச்சிக் கோடு கீழே விழுந்திருந்தால் மட்டும், ஒரு நாள் முழுக்க மறித்து வைத்து, திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆகவே அந்தக் கோடு தேவை. அந்தக் கோட்டை நான்தான் கெடுத்து வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கொப்பியை மறுபடி திறந்தேன். பேபி பவுடரும் ஸ்பிரிட்டும் கலந்து கொஞ்சம் புளித்துப்போன ஒரு வாசம் வந்தது. இத்தனை வருடம் அலமாரியில் கிடந்தும் போகவில்லை. உங்களில் யாராவது கொழும்பு வெள்ளவத்தையில் பிள்ளை வளர்த்திருந்தால் அந்த வாசம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றின் கடைசி வீடு. முன்விறாந்தையை அடைத்து டிஸ்பென்சரியாக்கியிருந்தார்கள். யன்னலுக்கு வெளியே ரயில் பாதை, அதற்கப்பால் கடல். உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும் என்பதால் வருடத்தில் இரண்டு தரம் வெள்ளைப் பெயின்ற் அடிப்பார்கள். யன்னல் கம்பிக்கும் தாய்மார் இருக்கிற நீட்டு வாங்குக்கும் தராசுக்கும் ஒரே வாளிப் பெயின்ற். தராசைப் பார்த்தால் யன்னலில் இருந்து கழன்று வந்த துண்டு மாதிரி இருக்கும்.

மருந்துக்குப் போத்தல் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை தக்காளி சோஸ் போத்தலைச் சரியாகக் கழுவாமல் கொண்டுபோய்விட்டேன். இருமல் மருந்துக்கு ஊரைக் கூட்டுகிற என் மகள் அந்த ஒரு போத்தலை மட்டும் நக்கி நக்கிக் குடித்தாள். டொக்டரிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டவை பல இருந்தன, அவற்றில் அது சின்னது.

டொக்டர் எழுபது தாண்டியவர், யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆஸ்பத்திரியில் இளைப்பாறியவர். வார்த்தையைச் செலவழிக்க மாட்டார். அவருக்கும் சேர்த்துக் கதைத்தவர் அவருடைய தாதி, பிலோமினா மிஸ்ஸி. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவார் என்பதால் அன்றைக்கு டிஸ்பென்சரியே ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் தொடங்கும். டொக்டரும் அந்தோனியாருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். தாதியாகப் படித்தவரா என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. வெள்ளைச் சேலை, கன்னத்தில் ஒரு மச்சம், கையில் எப்போதும் ஒரு துவாய்.

சனிக்கிழமை காலை நிறுக்கிற நாள். மிஸ்ஸி தராசுத் தட்டில் துவாயை விரிப்பார், பிள்ளையை வைப்பார், கம்பியில் இருக்கும் குண்டை விரலால் நகர்த்துவார். நடுவில் ரயில் வந்தால் வீடே ஆடும், கம்பியும் சேர்ந்து ஆடும். "ரயில் போகட்டும் புள்ள, கைய எடுக்காதீங்க" என்பார். பிள்ளைகள் ரயிலைப் பார்த்து அழுகையை நிறுத்தும். ரயில் போனபின் குண்டு நிற்கும். அதற்குப் பிறகு வருவதற்குத்தான் நாங்கள் எல்லோரும் பயந்தோம். டொக்டர் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். மிஸ்ஸிக்கு அங்கே நடந்து போய்ச் சொல்ல நேரமில்லை. நின்ற இடத்திலிருந்தே கூவுவார்.

"ஏழு நானூறு!"

வாங்கில் இருக்கும் பத்துத் தாய்மாரும் கேட்பார்கள். பத்துப் பேரும் தங்கள் பிள்ளையின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கொஞ்சம் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு ஒருவரும் பரிசோதனை கண்டுபிடிக்கவில்லை.

என் மகளுக்கு ஐந்தாம் மாதம் "அஞ்சு தொள்ளாயிரம்" என்று கூவினார். எனக்கு முன்னால் போன, என் மகளைவிட மூன்று கிழமை இளைய பிள்ளைக்கு "ஆறு எழுநூறு". அன்று என்னோடு மச்சாளும் வந்திருந்தா. என் கணவரின் அக்கா, வத்தளையில் இருக்கிறா. தன் மகனையும் இதே டிஸ்பென்சரியில், இதே தராசில் வளர்த்தவ. அந்த மகன் வரைபடத்துக்கு மேலால் போன பிள்ளை என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் பாடம். வெளியே வந்து செருப்பைக் கொழுவும்போதே தொடங்கிவிட்டா.

"நான் சொல்லுறன் எண்டு கோவியாதையும். உமக்குப் பால் காணாது."

"காணும் மச்சாள். வடிவாக் குடிக்கிறாள்."

"குடிச்சா ஏன் நிறை ஏறேல்ல? மாப்பால் குடும். என்ர மகனைப் பாரும்."

என்ர மகனைப் பாரும். அவனை நான் பார்க்காத நாளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கள் வீட்டுக் கதிரையில் ஏறினால் கதிரை கதைக்கும்.

டின்னில் விற்கிற மாப்பால் கொடுப்பதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன். வாசித்து, கேட்டு, குடும்பநல மிட்வைஃபிடம் இரண்டு தரம் உறுதிசெய்து எடுத்த முடிவு. இருந்தாலும் நான் எடுத்த முடிவை நானே பத்துத் தரம் சந்தேகப்படுகிற பிறவி. கணவர் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கந்தோரில் வேலை, கொள்கலன்களின் நிறையோடு நாள் முழுக்க மாரடிப்பவர். "அஞ்சு கிலோவும் ஒரு நிறையா, விடும்" என்றுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவருக்கு யாரும் பால் காணாது என்று சொல்லவில்லையே.

அடுத்த மாதம் நான் மகளுக்குக் கொலுசு போட்டேன்.

அவள் பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு என் அண்ணா கொடுத்த வெள்ளிக் கொலுசு. நல்ல கனம். கையில் ஏந்தினால் ஒரு சோடிக் கதவுத் திறப்புக்கொத்து போல இருக்கும். அதோடு அரைஞாண். கழுத்தில் பஞ்சாயுதச் சங்கிலி. போகும் வழியில் நாப்கின் நனைந்தது, மாற்றவில்லை. மிஸ்ஸி கூவினார், "ஆறு ஐந்நூறு!" வாங்கு திரும்பிப் பார்த்தது. மச்சாளுக்கு அன்றைக்கே தொலைபேசியில் சொன்னேன். எனக்குள் யாரோ பாட்டுப் பாடினார்கள்.

இதை வாசித்துவிட்டு, ஒரு தாய் பிள்ளையின் நிறையில் கள்ளம் செய்யலாமா என்று யாராவது தலையை ஆட்டினால், ஆட்டட்டும். அந்த வாங்கில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை இருந்து பார்த்துவிட்டு ஆட்டட்டும். நான் ஒருத்தி மட்டுமா? வாசலில் நின்று அவசர அவசரமாகப் பிள்ளைக்கு இளநீர் பருக்கிய தாயை நான் கண்டிருக்கிறேன். மே மாதத்து வெயிலில் கம்பளிச் சட்டையோடு வந்த பிள்ளையையும் கண்டிருக்கிறேன். நாங்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்ததில்லை. மிஸ்ஸியும் ஒருநாளும் எதையும் கழற்றச் சொன்னதில்லை. பார்த்தீர்களா, மிஸ்ஸிக்கே விளங்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். படித்தவளுக்கு அவ்வளவு புத்தி.

இப்படியே பதினொரு மாதம் வரை வந்தது. பதினோராம் மாதத்தில் "ஏழு எழுநூத்தம்பது". பச்சை நிறக் கட்டத்தின் ஓரத்தில், விழாமல், ஒரு புள்ளி.

பன்னிரண்டாம் மாதம் கொலுசு இறுகிவிட்டது. கணுக்காலைச் சுற்றிச் சிவப்பாக அடையாளம். கழற்றி, வளையம் கூட்டித் தரும்படி நகைக்கடையில் கொடுத்தோம். அரைஞாணும் பஞ்சாயுதச் சங்கிலியும் அப்படியே. அடையாளத்தைப் பார்த்து யாரும் கேட்கக்கூடாது என்று நீட்டுச் சட்டையும் காலுறையும் போட்டுக் கொண்டுபோனேன். பிறந்தநாள் நிறை என்று மச்சாளும் வந்து வாங்கில் இருந்தா. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ஒன்றும் மாட்டாமல் தராசில் ஏறிய முதல் நாள். பயம்தான். ஆனாலும் ஒரு மாதத்தில் அவள் கூடித்தானே இருப்பாள், கொலுசு போனது தெரியாது என்று கணக்குப் போட்டேன்.

மிஸ்ஸி குண்டை நகர்த்தினார். கூவினார்.

"ஏழு அறுநூறு!" பிறகு குண்டைப் பூச்சியத்துக்குத் தள்ளிவிட்டு, அடுத்த பிள்ளைக்குத் துவாயை உதறினார்.

திரைக்கு அந்தப் பக்கம் டொக்டர் புள்ளியைப் பேனாவால் தொட்டுப் பார்த்தார். பச்சையிலிருந்து கீழே. மகள் என் மடியில் அவருடைய மேசைக் கடதாசியைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சாள் கேட்காமலே திரைக்குள் வந்து நின்றா.

"நிறை குறைஞ்சிருக்கு அம்மா. பிளட் ஒண்டு, யூரின் ஒண்டு பாப்பம். மாப்பாலும் தொடங்குங்கோ."

"நான் ஏழு மாசமாச் சொல்லுறன் டொக்டர்" என்றா மச்சாள். "இவ கேக்கிறாவா? பிள்ளை காயுது."

அந்தச் சின்னக் கையில் ஊசி குத்தி, நாளம் தேடி, கிடைக்காமல் மறு கையில் குத்துவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. என் வாய் திறந்துவிட்டது.

"டொக்டர், குறையேல்ல. போன மாசம் வரைக்கும் நான் கொலுசோட நிறுத்தனான். அரைஞாணும் பஞ்சாயுதமும். இண்டைக்குத்தான் ஒண்டுமில்ல."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் திரை விலகி பிலோமினா மிஸ்ஸியின் தலை உள்ளே வந்தது.

"அதுக்கு நான் கழிச்சித்தான் சொல்றது டொக்டர்."

"எதுக்கு?"

"நகைக்கு. கண்ணால பாத்துக் கழிச்சிருவேன். நூறும் இருக்கும், எரநூறும் இருக்கும். நாப்கின் ஈரம்னா அதுக்கும் ஒரு அம்பது."

"ஏன் மிஸ்ஸி, கழட்டச் சொல்லலாமே!"

"நான் தொட மாட்டேன் டொக்டர். முந்தி வேல செஞ்ச எடத்துல ஒரு புள்ளட காப்பு காணாமப் போச்சி. யாரக் கேட்டாங்க? என்னத்தான. ரெண்டு நாளைக்கப்புறம் அந்தப் புள்ளட சட்டக்குள்ளயே இருந்திச்சி. அன்னையோட நான் எந்தப் புள்ளட நகையிலயும் கை வைக்கிறதில்ல."

டொக்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பிறகு கேட்டார்.

"இண்டைக்கும் கழிச்சனீங்களோ?"

மிஸ்ஸி மகளின் காலுறையைப் பார்த்தார். நான் குனிந்து காலுறையை இழுத்துக் காட்டினேன். வெறுங்கால்.

"மாதாவே. உள்ளுக்குக் கெடக்குன்னுல்ல நெனச்சேன்."

"எவ்வளவு கழிச்சனீங்கள்?"

"அது ஞாபகத்துல வைக்கிறதில்லயே டொக்டர்."

மச்சாளுக்கு இப்போது பொறுக்கவில்லை. "எல்லாத்தையும் உரிஞ்சு திரும்ப நிறுங்கோ. உண்மை தெரியட்டும்! என்ர பிள்ளையை நிறுக்கேக்க இந்தக் கள்ளம் ஒண்டும் இல்ல."

மிஸ்ஸி மச்சாளைத் திரும்பிப் பார்த்தார். அமைதியாகத்தான் சொன்னார்.

"ஒங்க மகனுக்கு நான் முந்நூறு கழிச்சேம்மா. சங்கிலி, காப்பு, இடுப்புல தங்கக் கொடி. ஒருக்கா கால்ல சப்பாத்தும்."

"அது... அது கண்ணூறு படாமக் கட்டினது!"

வாங்கில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். திரை பாதி திறந்திருந்தது. பத்துத் தாய்மாரின் தலைகளும் எங்கள் பக்கம் சாய்ந்திருந்தன, உண்மையான நம்பரைக் கேட்பதற்கு. மிஸ்ஸி துவாயை மறுபடி விரித்தார். டொக்டரும், "சரி, திரும்ப நிறுப்பம்" என்றார்.

அப்போதுதான் நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரியவர் ஒருவருக்கு 'இல்லை' சொன்னேன்.

"இல்லை டொக்டர். இண்டைக்கு இவளைத் திரும்பத் தராசில வைக்க நான் விடன். நம்பரைப் பாக்காதேங்கோ. இவளைப் பாருங்கோ."

மகளை மடியிலிருந்து இறக்கி நிலத்தில் விட்டேன். அவள் திரைச்சீலையைப் பிடித்து எழும்பினாள், பிடியை விட்டாள், இரண்டடி வைத்தாள், பொத்தென்று இருந்தாள், கை தட்டினாள். டொக்டர் கதிரையை விட்டு இறங்கி அவளுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். அந்த வயதில், முழங்கால் முறிகிற சத்தத்தோடு. அவளுடைய புயத்தைப் பிடித்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், கண்ணிமையை இறக்கினார், வாய்க்குள் விரல் விட்டுக் கடி வாங்கினார்.

"பிளட் வேண்டாம். தாய்ப்பாலையே குடுங்கோ, சோறும் குடுங்கோ. வாற மாசம் சும்மா கொண்டு வாங்கோ. பிள்ளையை மட்டும்." பிறகு கொப்பியில் ஏழு அறுநூறை வெட்டிவிட்டு அந்தக் கேள்விக்குறியைப் போட்டார். முன்னால் இருந்த புள்ளிகளைச் சுற்றிப் பென்சிலால் ஒரு சந்தேக வட்டம்.

அடுத்த மாதம் வெறும் பிள்ளையாக நிறுத்தோம். ஏழு தொள்ளாயிரம். மிஸ்ஸி கூவவில்லை, கடதாசியில் எழுதித் திரைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அப்படித்தான். அந்த ஒன்றை நான் சாதித்தேன் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அந்தப் பதின்மூன்றாம் மாதத்தைத்தான் ஆஸ்பத்திரிப் பெண்பிள்ளையிடமும் காட்டினேன். "அது வேற பெட்டி அன்ரி" என்றாள்.

சரி, பன்னிரண்டாம் மாதத்தை எங்கே தேடுவது? போன சனிக்கிழமை ஒழுங்கையில் இறங்கிப் பார்த்தேன். டொக்டர் காலமாகிவிட்டார் என்று தெரியும். வீடும் இல்லை. ஒன்பது மாடி நிற்கிறது. தராசு இருந்த இடம் கார்கள் இறங்குகிற சரிவு. காவலாளி சிங்களத்தில் யாரைத் தேடுகிறேன் என்று கேட்டான். என்ன சொல்வது? ஒரு தராசைத் தேடுகிறேன் என்றா? ரயில் மட்டும் அதே சத்தத்தோடு போனது. நான் அறியாமலே, தராசில் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டி, போகட்டும் என்று காத்து நின்றேன்.

அங்கிருந்தே பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். விசாரித்து விசாரித்து மிஸ்ஸியின் வீட்டைக் கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"பிலோமினா அக்காவா? அவங்க தவறி ரெண்டு வருஷம் புள்ள. நீங்க யாரு?"

நான் விஷயத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கழிச்சாங்களா? அப்ப அது சரியாத்தான் இருக்கும். சந்தையில மீனக் கண்ணால பாத்தே எத்தன கிராம்னு சொல்லுவாங்க. மீன்காரன் பந்தயம் கட்டித் தோத்திருக்கான். அந்தக் கண்ணு பெழச்சதே இல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் யன்னலோரத்தில் இருந்து யோசித்தேன். அந்தக் கண் பிழைக்காத கண் என்றால், டொக்டர் வட்டமிட்ட அத்தனை புள்ளிகளும் உண்மை. நான் நகை மாட்டி ஏமாற்றிய மாதங்களில் எல்லாம் மிஸ்ஸி என்னை நேராக்கியிருக்கிறார். பொய்யாகிப்போனது ஒரே ஒரு நாள்தான். நான் ஒன்றும் மாட்டாமல் நேர்மையாகப் போன அந்த ஒரு நாள்.

அந்த நாளைத்தான் இப்போது கேட்கிறார்கள்.

கொலுசு இருக்கிறது. சமையலறைத் தராசில் வைத்தேன், தொண்ணூற்றிரண்டு கிராம். அதை வைத்து என்ன செய்ய? எனக்குத் தேவை மிஸ்ஸி கழித்த கணக்கு. நூறா, நூற்றைம்பதா, இருநூறா. குறைவாகக் கழித்திருந்தால் அவள் அந்த மாதம் உண்மையிலேயே ஏறாமல் நின்றிருக்கிறாள். கூடக் கழித்திருந்தால் நன்றாக வளர்ந்திருக்கிறாள். ஒன்றுக்கு ஊசி, மற்றதுக்கு இல்லை. கணவர், "ஏழு எண்ணூறு எண்டு அடிச்சு விடும், ஆர் கேக்கப்போகினம்" என்கிறார். முடியாது. அந்தக் கொப்பியில் என் கையால் இன்னொரு பொய் ஏறாது. ஆனால் நம்பர் இல்லாததால் என் பிள்ளை இல்லையென்று சொல்கிற பெட்டிக்கு நான் பயப்படவும் போவதில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அந்த வெள்ளை வாங்கில் நீங்களும் இருந்திருந்தால், உங்கள் பிள்ளைக்கு மிஸ்ஸி எவ்வளவு கழிப்பார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? வாங்கில் இருக்காதவர்களும் சொல்லுங்கள். வருகிற வியாழக்கிழமை, கேள்விக்குறியை எடுக்காத அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று நான் என்ன சொல்ல வேண்டும்? எதுவானாலும் எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கே திரும்ப நிறுத்திருக்கலாமே என்று மட்டும் எழுத வேண்டாம். அதைச் சொல்வதற்கு எனக்கு வத்தளையில் ஆள் இருக்கிறது.